கவுண்டர் வீட்டுப் பிளேயர் விழுங்கிய டிஸ்க்

சாமைக் கொல்லையில் நூல் அறுந்து ஒரு டிஸ்க் விழுந்து கிடந்தது. குனிந்து எடுத்து முந்தானையால் துடைத்தேன். மேல்பூச்சு உரிந்து வெளுத்துப் போயிருந்தது. கண்ணருகே வைத்துப் பார்த்தால் அந்தப் பக்கம் நிற்கிற புளியமரம் தெரிகிறது. நடு ஓட்டையை ஒட்டி மட்டும் உன் கையெழுத்து மிச்சம் இருந்தது. பச்சை மார்க்கரில் "மைனஸ்" என்று எழுதி அதன் கீழே ஒரு கோடு. எதை எழுதினாலும் கீழே கோடு போடாமல் உன்னால் இருக்க முடியாது. உப்பு டப்பாவில் உப்பு என்று எழுதி அதற்கும் கோடு போட்டவள்தானே நீ.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற நேரத்தில்தான் நஸ்ரீன் போன் செய்தாள். உன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருக்கிறது, தெரியுமா? வாணியம்பாடியிலேயே பையன். நல்ல பையன்தான், கொஞ்சம் அதிகமாகத் தலையாட்டுகிறான், போகப் போகச் சரியாகிவிடும்.

"காலா, ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது" என்றாள். உங்கள் வீட்டுப் பேச்சில் அம்மாவுக்கு அம்மி, சித்திக்குக் காலா; அவளுக்கு நான் காலா.

"சிரிப்பு வந்தா சிரிப்பேன். கேளு."

"வூட்டுக்கு வர்றவங்க எல்லாம், 'அப்படியே உன் அம்மி பேசுற மாதிரியே பேசுறியே'ன்னு சொல்லி அழறாங்க. நானும் மண்டைய ஆட்டிக்கினு நிக்கறேன். ஆனா அம்மி எப்டிப் பேசுவாங்கன்னு எனக்குத்தான் தெரியாதே. போட்டோ இருக்குது. குரல் எங்கனா இருக்குதா காலா? நிக்காஹ்க்கு முன்னாடி ஒரே ஒரு தபா கேக்கணும்."

சிரிப்பு வரவில்லை. "பாக்கறேன் இரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். கொல்லை முழுக்க உன் டிஸ்குகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. குருவிகளை விரட்டுவதற்காக நீயே ஓட்டையில் நூல் கோத்துக் கட்டியவை. ஒவ்வொன்றிலும் ஒரு காலத்தில் உன் குரல் இருந்தது. வெயில் குடித்துவிட்டது.

ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே உன் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தாரே, அதில் ஒரு மூலையைப் பலகையால் தடுத்து நமக்குக் கொடுத்தார். நீ கம்ப்யூட்டர், நான் கேமரா. இந்த மலையில் கல்யாண வீட்டுப் பெண்கள் ஆண்பிள்ளை கேமராவோடு வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். நான் போனால், "வாக்கா, சாப்ட்டியா, அப்புறம் எடுப்பியாம்" என்பார்கள். நான் எடுத்துக்கொண்டு வருவதை நீ வெட்டி ஒட்டி டிஸ்கில் எழுதிக் கொடுப்பாய். ஊர்க் கல்யாணத்தையெல்லாம் படம் பிடித்த நாம் இரண்டு பேரும் ஒரு கல்யாணப் படத்திலும் இல்லை. ஒருத்தி கேமராவுக்குப் பின்னால், ஒருத்தி திரைக்குப் பின்னால்.

முதல் ஆர்டருக்கு டிஸ்க் வாங்கப் போனது நினைவிருக்கிறதா? திருப்பத்தூர் கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "அண்ணே, இதுல பிளஸ்ஸுன்னு போட்டிருக்கே, அதுல மைனஸ்ஸுன்னு போட்டிருக்கே?" என்று கேட்டாய். "எல்லாம் ஒண்ணுதாம்மா, டிஸ்க்னா டிஸ்க்கு" என்றார் அவர். எனக்கு பஸ் போய்விடுமே என்று அவசரம். வாங்கிக்கொண்டு மலை ஏறினோம்.

கம்ப்யூட்டரோடு இருந்த, டிஸ்கில் எழுதுகிற ரைட்டர் அதை வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் உருட்டிவிட்டு வெளியே துப்பியது. இன்னொன்று போட்டோம், அதையும் துப்பியது. பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி நீ ஒவ்வொன்றாக வைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாய். அப்புறம்தான் கீழே குனிந்து அதன் முகத்தில் பொடியாக எழுதியிருந்ததைப் படித்தாய். நம்முடையது பழைய ரைட்டர். மைனஸ் டிஸ்க் மட்டும்தான் எடுக்கும்.

"அரே, இவ்ளோ பெருசா மூஞ்சிலயே எழுதி வச்சிருக்கு. நாமதான் பாக்கல" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய். மறுபடி மலை இறங்கினோம். அன்றைக்கு வாங்கிய டப்பாவைக் கடையிலேயே திறந்து நீ மோந்து பார்த்தாய். எனக்கும் நீட்டினாய். புது மழைக்கோட்டும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசனை. "இதுதான் நம்ம ரைட்டருக்குப் பிடிச்ச வாசனை" என்றாய். கடைக்காரர் நம் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஆனால் அது பாதிப் பாடம்தான். மீதிப் பாடத்தை ஒரு கல்யாண வீடு கற்றுக்கொடுத்தது. திரும்பத் திரும்ப அழித்து எழுதலாம் என்று ஒரு வகை டிஸ்க் வந்திருந்தது. நம் ரைட்டர் அதை ஆசையாக எடுத்துக்கொண்டது. நீயும் பூரித்துப் போனாய். கல்யாணப் படம் முதலில் ஊர்க்கவுண்டர் வீட்டில்தான் ஓட வேண்டும், ஊரே உட்கார்ந்து பார்க்க வேண்டும், பிறகுதான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் என்பது எங்கள் மலையில் டிவி வந்த பிறகு உண்டான வழக்கம். அந்த ஊர்க்காரர்கள் பாயை விரித்து, பொண்ணு மாப்பிள்ளையை முன்னால் உட்கார வைத்து, பிளேயரில் டிஸ்கைப் போட்டார்கள். நீலத் திரையில் "நோ டிஸ்க்" என்று வந்தது.

"இன்னா எழுதியிருக்குது?" என்று பொண்ணின் அத்தை கேட்டாள்.

"ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்குது."

"தாலி கட்டினதை நான் கண்ணால பாத்தேனே! ஒண்ணும் இல்லைன்னா இன்னா அர்த்தம்? சகுனம் சரியில்லியே" என்று அவள் ஆரம்பித்தாள். அந்தப் பொண்ணு முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு வந்த கோபத்தில் பிளேயரை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். அதற்கெல்லாம் அது மசியவில்லை. அந்த வகை டிஸ்கில் ஒளி மங்கலாகத்தான் திரும்பும், பழைய பிளேயருக்குக் கண் தெரியாது என்று நீ பிற்பாடு யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தாய். மறுநாளே சாதா டிஸ்கில் எழுதிக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டினோம். அத்தைக்குச் சமாதானம் ஆயிற்று. உனக்கு ஆகவில்லை.

"ரைட்டருக்குப் பிடிச்சா மட்டும் போதுமாடி? ரைட்டர் பொண்ணு, பிளேயர் மாமியா. ரெண்டுக்கும் பிடிக்கணும்" என்றாய். கல்யாணப் பொருத்தம் பார்ப்பதில் எங்கள் ஆட்களைக் கேலி செய்கிறவள், அன்றிலிருந்து டிஸ்குக்குப் பொருத்தம் பார்க்க ஆரம்பித்தாய்.

அப்படித்தான் "ருசி டிஸ்க்" வந்தது. பேரும் நீ வைத்ததுதான். பந்தி போடும் முன்னால் ஒரு வாய் ருசி பார்ப்பதில்லையா, அந்த மாதிரி. கேமராவை மேசைமேல் வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்து நீ கொஞ்ச நேரம் பேசுவாய். இன்ன ஊருக்கு, இன்ன டிஸ்க், இன்ன வேகத்தில் எழுதியது என்று சொல்வாய். அப்புறம் வாய்க்கு வந்ததெல்லாம் பேசுவாய். பெரும்பாலும் என்னைத் திட்டுவாய். அதை எழுதிக்கொண்டு, பஸ்ஸோ நடையோ, அந்த ஊர்க்கவுண்டர் வீட்டுக்கே போய் அந்தப் பிளேயரில் போட்டுப் பார்ப்போம். ஓடினால்தான் அதே டப்பாவிலிருந்து கல்யாண டிஸ்க். டிஸ்கின் வேகத்தைக் கூட்டி எழுதினால் சீக்கிரம் முடியுமே என்று நான் பறப்பேன். "அரே, அவசரப்படாதடி. ரைட்டர் பழசு. மெதுவா எழுதினாத்தான் அழுத்தமா எழுதும்" என்பாய். உன்னோடு சேர்ந்து எத்தனை பஸ்ஸை விட்டிருப்பேன்!

வேலை முடிந்த ருசி டிஸ்குகளைத் தூக்கிப் போட உனக்கு மனசு வராது. "சாமைக்குக் குருவி வருதுன்னு சொன்னியே" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நூல்கண்டோடு வந்து என் கொல்லை முழுக்கக் கட்டினாய். வெயிலில் அவை பளபளவென்று சுற்ற, குருவிக் கூட்டம் எழும்பிப் போனது. நீ கைதட்டிச் சிரித்தாய். "நான் பேசினா மனுசங்கதான் ஓடுவாங்கன்னு நெனச்சேன்" என்றாய்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மலை இறங்கிப் போனாய். திரும்பி ஏறவில்லை. இதை எழுத எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, அதனால் இத்தோடு விடுகிறேன். நஸ்ரீனுக்கு அப்போது பேச்சு வராத வயசு. அதே மழையில் ஒரு இடி இறங்கி நம் கம்ப்யூட்டரும் கருகிப் போனது. அன்றைக்கு அது ஒரு நஷ்டமாகவே எனக்குத் தோன்றவில்லை. நீ இல்லாத கடைக்கு அது எதற்கு என்றுதான் இருந்தது.

பிள்ளை வாணியம்பாடியில் உன் அம்மாவிடம் வளர்ந்தாள். பள்ளி லீவு விட்டால் மலைக்கு வந்துவிடுவாள். அப்பா கடையில் கொஞ்ச நேரம் இருப்பாள், மீதி நேரமெல்லாம் என் வீட்டில்தான். புளி உலுக்குகிற காலத்தில் என்னோடு மரத்தடியில் உட்கார்ந்து ஓடு உடைப்பாள், ஓயாமல் கேள்வி கேட்பாள், நானும் ஓயாமல் திட்டிக்கொண்டே பதில் சொல்வேன். "மலைக்காரி பேசற பேச்சா இது? வாணியம்பாடிக்காரி தோத்தா போ" என்று என் தங்கை என்னைக் கிண்டல் செய்வாள். நான் கண்டுகொள்வதில்லை.

போன் வந்த அந்த வாரமே நஸ்ரீன் வந்துவிட்டாள். பையில் லேப்டாப், கூடவே அவள் மாமா கடையிலிருந்து வாங்கி வந்த ஒரு யுஎஸ்பி ரைட்டர். இப்போதெல்லாம் லேப்டாப்பில் டிஸ்க் போட இடமே இல்லையாம். கொல்லையிலிருந்து நான் அவிழ்த்து வைத்திருந்த டிஸ்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒன்றுகூடப் பேசவில்லை. இரண்டு டிஸ்கின் பூச்சு தூளாகக் கொட்டியது. அந்தத் தூளை அவள் துடைக்காமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்க காலா. இல்லைன்னா இல்லை" என்றாள். அவள் அப்படிச் சொன்ன விதம் எனக்குத் தாங்கவில்லை. "இல்லைன்னு யாருடி சொன்னது? எங்கனா ஒண்ணு இருக்கும். உன் அம்மி எத்தனை ஊர்ப் பிளேயருக்கு ஊட்டியிருக்கா, எல்லாமா துப்பியிருக்கும்?" என்று கோபமாகக் கேட்டேன். கேட்டதும் எனக்கே சுரீர் என்றது.

துப்பாத பிளேயர் ஒன்று இருந்ததே! ஈச்சம்பட்டுக் கவுண்டர் வீட்டுப் பிளேயர்.

அன்றைக்கு நஸ்ரீனை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ என்னோடு ஈச்சம்பட்டுக்கு ஏறி வந்தாய். ருசி டிஸ்கைப் போட்டாய். தட்டு உள்ளே போனது. அவ்வளவுதான். ஓடவும் இல்லை, திறக்கவும் இல்லை. கவுண்டர் தட்டினார், நான் தட்டினேன், தலைகீழாகக் கவிழ்த்தும் பார்த்தோம். வந்த கல்யாணத்துக்கு வாத்தியார் வீட்டுப் பிளேயரைத் தூக்கி வந்து ஓட்ட வேண்டியதாயிற்று. "இன்னா மகராசி, உன் டிஸ்க்கத் துன்னுட்டுதே" என்று கவுண்டர் வருத்தப்பட்டார். "துன்னா துன்னட்டும். செரிச்சதும் சொல்லி அனுப்புங்க, வந்து பாக்கறேன்" என்றாய் நீ. வீட்டில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நஸ்ரீனும் நானும் கிளம்பினோம். பிளேயரைப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்களோ என்றே வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. அவளும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு என்னிடம் எதையோ காட்டிக்கொள்ளாமல் வந்தாள்.

கவுண்டர் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், குரல் அப்படியே. என்னை அடையாளம் கண்டுகொண்டு, நஸ்ரீனைப் பார்த்து, "இது அந்தக் கம்ப்யூட்டர்கார அம்மா பொண்ணா? இடுப்புல இருந்துச்சே, அதுவா?" என்றார். விஷயத்தைக் கத்திச் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போனார். டிவி இருந்த பலகையில் இன்றைக்கும் அந்தப் பிளேயர் இருந்தது. அதன் மேல் முருகர் படம், படத்துக்கு முன்னால் விளக்கு.

"தட்டையா, கெட்டியா இருந்துச்சு. சாமிக்குப் பீடம் ஆயிடுச்சு" என்றார்.

முருகரை மரியாதையாக இறக்கி வைத்துவிட்டு அவரே ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்து கொடுத்தார். மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு சின்ன ரப்பர் பெல்ட் இளகிப் பசையாக ஒட்டிக்கொண்டிருந்தது. இதுதான் காரணம், டிஸ்க் ஒரு பாவமும் செய்யவில்லை என்று உனக்காகச் சத்தமாகச் சொன்னேன். பல்சக்கரத்தை விரலால் மெல்லத் திருப்பினேன். தட்டு நகர்ந்தது. இருட்டிலேயே இருந்ததால் டிஸ்க் வாங்கின நாள் மாதிரி ஊதா மினுங்கியது. மேலே பச்சை மார்க்கரில் "ஈச்சம்பட்டு. மைனஸ்." கீழே கோடு.

நஸ்ரீன் அதை லேப்டாப்பில் மாட்டிய ரைட்டரில் வைத்தாள். உள்ளே அது சுற்றுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி சுற்றியது. துப்பிவிடாதே, துப்பிவிடாதே என்று நான் மனசுக்குள் அந்த எந்திரத்தைக் கெஞ்சினேன். இதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் வந்து, யாரும் சொல்லாமலே பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். கவுண்டர் வீட்டில் டிஸ்க் ஓடப்போகிறது என்றால் வேறென்ன செய்வார்கள்?

நீ வந்தாய்.

நம் கடை, நம் பலகைத் தடுப்பு, நீல முக்காடு. "ஹலோ ஹலோ. இது ஈச்சம்பட்டுக்கு. மைனஸ் டிஸ்க்கு, மெதுவா எழுதினது" என்றாய். கேமராவுக்குப் பின்னால் யாரையோ பார்த்து முறைத்தாய். அது நான்தான். "அரே, அவசரப்படாதடி. பஸ் போனா அடுத்த பஸ். ரைட்டருக்குப் பிடிச்சா மட்டும் போதுமா? மாமியாளுக்கும் பிடிக்கணும்ல?" என்றாய். அப்போது மேசைக்குக் கீழே ஒரு பிள்ளை வீல் என்று அழுதது. நீ குனிந்து அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாய். "இன்னாடி என் ராணி, இன்னா கோவம்? அம்மி எங்க போய்ட்டேன்? இங்கதானே இருக்கேன்" என்று அதன் நெற்றியில் நெற்றியை முட்டினாய். அப்புறம் கேமராவை அணைக்கக் கை நீண்டது. அவ்வளவுதான் படம்.

நஸ்ரீன் அழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, "இன்னொரு தபா" என்றாள். ஊரே சேர்ந்து இன்னொரு தபா பார்த்தது. அப்புறம் இன்னொன்று. யாரும் எழுந்து போகவில்லை. கவுண்டர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓடிச்சா? அப்போ செரிக்கவே இல்ல பாரேன்" என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அது எப்படி முடியும் என்று கேட்காதே, முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் படத்தை லேப்டாப்பிலும் போனிலும் ஏற்றி வைத்தாள். அதோடு ஒரு டிஸ்கிலும் எழுதி எனக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மாமா கடையிலிருந்து கொண்டுவந்திருந்த புது டப்பாவைப் பிரித்தாள். அந்த வாசனை வந்தது, மழைக்கோட்டும் மண்ணெண்ணெயும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறப்பதற்குள் அவள் டிஸ்கை உள்ளே தள்ளி, வேகத்தை இருப்பதிலேயே பெரியதாக வைத்துவிட்டாள்.

"அரே, அவசரப்படாதடி! மொதல்ல அது பிளஸ்ஸா மைனஸ்ஸான்னு பாத்தியா? ரைட்டர் மூஞ்சில இன்னா எழுதியிருக்குதுன்னு பாத்தியா? மெதுவா எழுதினா பஸ்ஸா போய்டும்?" என்று சத்தம் போட்டேன்.

நஸ்ரீன் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தாள். என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாள். கண் ததும்பி நின்றது, ஆனால் சிரித்தாள்.

"நான் அம்மி மாதிரி பேசறேன்னு எல்லாரும் சொன்னாங்களே காலா. யார்கிட்டக் கத்துக்கினேன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள். "இந்தக் குரலத் தேடியா மலை மலையா அலைஞ்சோம்? எனக்கு நெனவு தெரிஞ்ச நாளா என்னைத் திட்டிக்கினு இருக்குதே."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி சரி, வேகத்தைக் கொறை" என்றேன். குறைத்தாள். ரைட்டர் மெதுவாக, அழுத்தமாக எழுதிக்கொண்டிருந்தது. எழுதி முடித்த டிஸ்கில் அவள் பச்சை மார்க்கரால் "அம்மி" என்று எழுதினாள். நான் மார்க்கரை வாங்கி அதன் கீழே ஒரு கோடு போட்டேன்.